எலி சும்மா இல்லை

வெளியே கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. எலிகள் இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால் அந்த ஆய்வுக்கூடத்தில் பகலை இரவாக்கி, சிவப்பு விளக்கு மட்டும் எரியவிட்டிருந்தார்கள். நைட் ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளாமல் காண்ட்ராக்ட் வேலையை உதறிவிட்டு வந்த இளவழகனுக்குப் பகல் வேலையிலும் இருட்டே வாய்த்தது. பார்மசி படிப்பையும் பாதியில் விட்டவன் அவன். விட்டதில் வருத்தமில்லை. ஏன் விட்டாய் என்று கேட்பவர்களைக் கண்டால்தான் எரிச்சல்.

மந்தாரக்குப்பத்தின் ஓரத்தில், பழைய உரக் குடோன் ஒன்றில் நடந்த தனியார் கூடம் அது. மருந்துக் கம்பெனிகள் அனுப்பும் புது மருந்தை எலிக்குக் கொடுத்து, எலி என்ன செய்கிறது என்று சொல்வது தொழில். பார்ப்பது கூண்டுக்கு மேலே இருக்கும் கேமரா; பிரித்து எழுதுவது கம்ப்யூட்டர். ஆனால் கம்ப்யூட்டருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டுமே. அது வீடியோவைத் துண்டு துண்டாகக் காட்டும். எலி செய்வதற்கேற்ற பட்டனை அமுக்க வேண்டும். இளவழகனுக்கும் அவனோடு உட்காரும் தனகோட்டி அக்காவுக்கும் அதுதான் வேலை.

தனகோட்டிக்கு இங்கிலீஷ் வராது. அதனால் மேனேஜர் அருண்பிரசாத் பட்டன்கள் மேல் காகிதம் ஒட்டி, அவள் வாயில் வந்ததையே எழுதிக் கொடுத்திருந்தார். ஓடுது. மோந்து பாக்குது. சொறியுது. சும்மா கீது. எதிலும் சேராததற்கு ஒரு பட்டன், ‘தெரியல’.

வில்லங்கம் அந்தச் ‘சும்மா’வில் இருந்தது. எலி தூங்கினாலும் சும்மா, தின்றுவிட்டு மூலையில் படுத்தாலும் சும்மா, அசையாமல் நின்றாலும் சும்மா. வேலையை விட்டு வீட்டிலிருந்த மாதங்களில் இளவழகனைப் பற்றியும் தெருவில் அப்படித்தான் பேசினார்கள். சும்மா கீறான். தலைக்குள் என்ன ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது வந்திருந்தது பதற்றத்தைத் தணிக்கும் மருந்து. மருந்து போட்ட கூண்டுகளெல்லாம் திரையில் பச்சையாக இருந்தன. சும்மா என்று அமுக்கியதெல்லாம் பச்சை; பச்சை என்றால் ஓய்வு. மருந்துக் கம்பெனி அம்மா இன்று மதியம் வருகிறாள், அறிக்கை நன்றாக அமைந்தால் மருந்து அடுத்தபடியாக மனிதருக்குப் போகும், உங்கள் இரண்டு பேருக்கும் வேலை பெர்மனென்ட் என்று அருண்பிரசாத் சொல்லியிருந்தார்.

அன்று காலையில் கூண்டுக்கு உமி மாற்றும்போது, ஓர் எலியின் முன்னங்கால்கள் தவறுதலாகத் தண்ணீர்க் குழாயின் மேல் மாட்டிக்கொண்டன. எடுத்துக்கொள்ளும் என்று இளவழகன் விட்டுவிட்டான். அடுத்த கூண்டை முடித்துவிட்டுத் திரும்பினால், எலி அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது. மீசைகூட அசையவில்லை. இன்னொரு எலியை அதே மாதிரி நிறுத்தினான். அதுவும் நின்றது. விழித்திருக்கும்போதே அசைய முடியாதபடி உடம்பைப் பூட்டிவிடும் மருந்துகளைப் பற்றிக் கல்லூரியில் அரைகுறையாகக் கேட்டது ஞாபகம் வந்தது.

தனகோட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, போட்டோ புடிக்க நிக்கிற மாதிரி நிக்குது."

"இதத்தாங்க்கா நாம சும்மா சும்மான்னு அமுக்கினு கெடந்தோம்."

அவள் எலியின் முதுகை ஒரு விரலால் தடவிவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அருண்பிரசாத் வந்து பார்த்தார். அவர் திகைக்கவில்லை. அதுதான் இளவழகனை உறுத்தியது. கம்பெனி கேட்டது ஓட்டத்தையும் ஓய்வையும் மட்டும்தான், மற்றதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். தெரிந்தேதான் சொல்கிறீர்களா என்று இளவழகன் கேட்டான்.

"இளவழகன், நம்ம வேலை எலியைப் பாக்கறது இல்ல. ஸ்கிரீனைப் பாக்கறது."

அறிக்கை வெளிவருவதற்கு முன் கடைசித் தொகுப்பு வீடியோவை இரண்டு பேரும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ‘தெரியல’ அளவுக்கு மேல் போனால் கம்ப்யூட்டர் அறிக்கை தராது. இளவழகன் உட்கார்ந்தான். விறைத்து நின்ற எலி வரும்போதெல்லாம் ‘தெரியல’ பட்டனை அமுக்கினான். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். மாற்று என்றார். சாயங்காலமே பெர்மனென்ட் ஆர்டர் கையில் இருக்கும் என்றார். பிறகு, படிப்பையும் பாதியில் விட்டாய், போன வேலையையும் விட்டாய், இதையும் விடப்போகிறாயா என்று கேட்டார்.

இளவழகன் திரும்பவில்லை. "நாளைக்கு இத ஒரு மனுசன் முழுங்குவான் சார். வாயத் தொறக்க முடியாம நிப்பான். அவன் வூட்ல உள்ளவங்களும் சும்மாதான் கீறான்னு வுட்டுடுவாங்க. நான் மாத்த மாட்டேன்."

அருண்பிரசாத் அவனுடைய பாஸ்வேர்டை ரத்து செய்தார். கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். அவனுடைய பங்கையும் சேர்த்துத் தனகோட்டி பார்க்கட்டும் என்று நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

தனகோட்டி உட்கார்ந்தாள். திரையில் அதே எலி வந்தது. அவள் வலக்கையை மேஜைமேல் நீட்டி வைத்தாள்.

"என் கையப் புடிச்சி நீங்களே அமுக்கிக்கினு போங்க சார். நானா அமுக்க மாட்டேன்."

மேனேஜர் அந்தக் கையைத் தொடவில்லை. வாசலில் கார் ஹாரன் கேட்டது. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கம்பெனி அம்மாவை வரவேற்க வெளியே போனார்.

இளவழகன் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். பிறகு அந்த எலி இருந்த கூண்டைத் தூக்கினான். இருட்டறைக்கு இரண்டு கதவுகள். வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பது முதல் நாளே சொன்ன சட்டம். கூண்டோடு அவன் எப்படித் திறப்பான் என்று தனகோட்டி யோசித்திருக்க வேண்டும். எழுந்து வந்து உள்கதவைத் திறந்து முட்டுக்கொடுத்தாள். முன்னறைப் பக்கத்து வெளிக்கதவையும் திறந்தாள். வெயில் அறையின் கடைசிக் கூண்டுவரை போய் விழுந்தது.

முன்னறையில், கம்பெனியிலிருந்து வந்த சண்முகப்ரியா காபியை வாங்கிக்கொண்டிருந்தாள். இளவழகன் அவளுக்கு எதிரே மேஜைமேல் கூண்டை வைத்தான். மூடியைத் திறந்து எலியின் முன்னங்கால்களைக் குழாயின் மேல் தூக்கி வைத்தான். எலி வைத்தபடியே நின்றது. அருண்பிரசாத் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க மருந்துதான் மேடம். பாத்துகினே இருங்க, காலை எடுக்குதான்னு."

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு, மேனேஜரைப் பார்த்து, "கொஞ்சம் அவரை விடுங்க" என்றாள்.