பச்சை பெல்ட்டில் நாலாவது பை

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் குறி தப்பாமல் சுடுமா, விசை இறுகாமல் இருக்குமா என்று கேட்பார்கள். ஜலாலுதீன் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழ முடியுமா என்று பார்த்தார். கடைக்காரருக்கு இது புதுசு. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்ற அந்த யுரேஷியக் கிழவர், தோட்டத்துத் துரைகளைப் பார்த்திருக்கிறார், சீன முதலாளிகளைப் பார்த்திருக்கிறார். கடைக்கு நடுவே துண்டை விரித்து நெற்றியைத் தரையில் வைத்த வாடிக்கையாளரை அன்றுதான் பார்த்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. ஜலாலுதீனுக்கு வயது நாற்பத்தாறு. காயல்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. தொழில், கல் வியாபாரம். மாணிக்கம், நீலம், கோமேதகம் என்று சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சவுத் பிரிட்ஜ் ரோட்டு நகைக்கடைகளில் ஏறி இறங்குவார். பெட்டி கிடையாது, கடை கிடையாது. கைலிக்கு மேலே கட்டிய பச்சை பெல்ட்தான் கடை. நாலு விரல் அகலத்தில், முன்பக்கம் மூன்று பைகள் வைத்த தடித்த தோல் பெல்ட். நம்மவர்களில் பாதிப் பேர் அதைக் கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள்.

அதே தொழில் செய்த அப்துல் அஜீஸை இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சந்தில் மடக்கிக் குத்திவிட்டார்கள். உயிர் பிழைத்தார்; வலது கைதான் விளங்காமல் போயிற்று. பெல்ட்டை வார் அறுத்துக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் என்றைக்குக் கல் எடுத்துப் போவார், எந்தச் சந்தில் திரும்புவார் என்று கச்சிதமாகத் தெரிந்து வைத்திருந்தவர்களின் வேலை. ஜலாலுதீன் அரண்டுபோய்த் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுக் கொடுத்தார். விசாரித்த போலீஸ் அதிகாரி கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். தெரிந்தவன் சொல்லாமல் தெரியாதவன் குத்தமாட்டான், ஆகவே இடுப்பில் என்ன இருக்கிறது என்று கூடப் படுப்பவனுக்கும் சொல்லாதே என்றார்.

கூடப் படுப்பவன் என்றால் ஜலாலுதீனுக்கு அப்துல் ஹமீதுதான். டன்லப் தெருவில், ஒரு கடைக்கு மேலே, ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கிற அறை. ஹமீதும் காயல்பட்டினம்தான், இரண்டு வயது மூத்தவர், அதனால் இவருக்கு அண்ணன் முறையில் காக்கா. ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே தட்டில் சோறு பகிர்ந்தவர்கள். அந்த அதிகாரி சொன்ன சொல் ஜலாலுதீன் காதில் புகுந்த எறும்பாகக் குடைந்தது. சந்தேகம் என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

துப்பாக்கிக் கடைக்காரர் பச்சை விரிப்பின் மேல் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, குட்டைக் குழல் ரிவால்வர். ஐந்து குண்டு. ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வெடிக்கும், பதற்றத்தில் கை நடுங்குகிறவனுக்கு இதுதான் நல்லது என்றார். ஜலாலுதீனின் மனசு அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தட்டையானது, ஏழு குண்டு, பிடி நீளம். மூன்றாவது உள்ளங்கையில் அடங்கியது. சிகரெட் டப்பா கனம்தான். ஆறு குண்டு, ஆனால் சின்னக் குண்டு. எதிராளியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில்தான் இதை நம்பலாம் என்று கிழவர் ஒளிக்காமல் சொன்னார்.

குண்டு போடாத துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக பெல்ட்டுக்குள் செருகி, மேலே ஜிப்பாவை இழுத்துவிட்டு, ஜலாலுதீன் நடந்தார், உட்கார்ந்தார், துண்டை விரித்தார். ரிவால்வரோடு, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் குனிந்தபோது அது தரையில் டொக்கென்று இடித்தது. பள்ளிவாசலில் அந்தச் சத்தம் கேட்டால் இமாமே தொழுகையை விட்டுத் திரும்பிப் பார்ப்பார். இரண்டாவது, விலாவைக் குத்திற்று. மூன்றாவது மட்டும் சத்தம் போடாமல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆளைக் காக்கிற துப்பாக்கி ஒன்று, ஆளுக்குத் தெரியாத துப்பாக்கி ஒன்று என்று ஆயிற்று. தெரியாததை எடுத்தார்.

கிழவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எதுவும் தெரியவில்லை என்று தலையாட்டினார். பிறகு மலாயில் கேட்டார், வீட்டில் மனைவி உண்டா என்று. மனைவி மைமூன் ஊரில் இருக்கிறாள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போவேன் என்றார் இவர்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் கிழவர். "கண்ணை ஏமாத்திடலாம், கையை ஏமாத்த முடியாது. உங்களை யாரும் தொடாம இருக்கணும், அவ்வளவுதான்."

தன்னை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஜலாலுதீன் படியிறங்கினார். மனிதனுக்குத் தன்னைப் பற்றித்தான் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது.

பெல்ட்டின் மூன்று பைகளிலும் அது நுழையவில்லை. நாலாவதாக ஒரு பை தைக்கவேண்டும். அங்கேதான் சங்கடம், ஏனென்றால் ஹமீதின் தொழிலே பெல்ட். தேக்கா சந்தைக்கு எதிரே, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒரு தட்டுக்கடை போட்டு, பச்சை பெல்ட் தைத்து விற்பவர். ஒருவனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்க்கிற மனிதர். தோல் உப்பியிருக்கிற தினுசை வைத்தே, பையில் இருப்பது பாஸ்போர்ட்டா பொடிமட்டையா என்று சொல்லிவிடுவார். ஜலாலுதீன் கட்டியிருந்ததும் அவர் கையால் தைத்ததுதான். அதை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு சுற்றி, கிர்பாவ் ரோட்டில் ஒரு சீனச் செருப்புக்காரரிடம், துப்பாக்கி அளவுக்கு வெட்டிய அட்டையோடு கொடுத்து, தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு பை தைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி அவருக்கு.

அதற்குப் பிறகுதான் தன்னை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று தெரிந்தது. தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்காருகிறவன் பேச்சு சுவாரசியத்தில் தொடையில் அடிப்பான். முடிவெட்டுகிறவர் தோள் பிடித்துவிட்டு, விரல்களை இடுப்புவரை இறக்குவார். தொழுகை வரிசையில் தோளோடு தோள், காலோடு கால் ஒட்டி நிற்கவேண்டும். ஹமீதோ, வாசலில் பார்த்தால் வயிற்றில் ஒரு குத்து விடாமல் பேச மாட்டார். மனைவி பக்கத்தில் இல்லாத இருபத்திரண்டு வருஷத்தில், ஜலாலுதீனை மனிதன் என்று வைத்திருந்தது இந்தத் தட்டலும் இடிப்பும்தான். அது இருந்தவரையில் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

ஒவ்வொன்றாக விட்டார். தேநீரை நின்றபடி குடித்தார். பள்ளிவாசலில் கடைசி வரிசையின் ஓரத்தில், தூணை ஒட்டி நின்றார். ஆறு பேர் அறையில் துப்பாக்கியோடு எப்படிப் படுப்பது? பஃபலோ ரோட்டில் ஒரு தனித் தடுப்பறை பார்த்துக்கொண்டு, குறட்டைச் சத்தத்தில் தூக்கமில்லை என்று காரணம் சொன்னார்.

"இருபத்திரெண்டு வருஷமாக் கேக்காத கொறட்ட இப்பதான் கேக்குதாக்கும்," என்றார் ஹமீது. ஆனால் பாயையும் டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வைத்துவிட்டுத்தான் போனார். போகும்போது வயிற்றில் குத்து விடவில்லை. அதை ஜலாலுதீன் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

தனி அறையில் ஒரு நாற்காலி, ஒரு கயிற்றுக் கொடி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பால்காரர்களின் மாட்டுக் கொட்டகை. இருட்டுவதற்கு முன்பே கதவைத் தாழிட்டுவிட்டு, தலையணைக்கடியில் அதை வைத்துக்கொள்வார். ஊருக்கு எழுதும் கடிதங்களில் 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று எழுதினார். உண்மைதான். பெட்டிக்குள் பூட்டிய பண்டம் போலப் பத்திரமாக இருந்தார்.

நோன்பு வந்தது, பெருநாளும் வந்தது. பெருநாள் தொழுகை முடிந்ததும் ஒருவரையொருவர் நெஞ்சோடு நெஞ்சு தழுவிக்கொள்வார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கு அந்த ஒரு காலைதான் வீடு. பெரிய பெரிய மீசைக்காரர்கள் கண் கலங்குவதை அன்றைக்குத்தான் பார்க்கலாம். ஹமீதின் தழுவல் பெயர் போனது, எலும்பை எண்ணிவிடுவார். ஜலாலுதீன் குத்பா பிரசங்கம் முடிகிற நேரத்தில் நைசாக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார்.

ஆனால் ஹமீது விடுகிறவரா? ஒரு தூக்குச் சட்டியில் பிரியாணியோடு மரப்படி ஏறி வந்தார். சட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, புதுச் சட்டையில் அத்தர் மணக்க, இரண்டு கைகளையும் விரித்தார்.

ஜலாலுதீன் ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு, அது பார்க்க நன்றாக இல்லை என்று தெரிந்து, இரண்டு கைகளையும் நீட்டி ஸலாம் கொடுத்தார். ஹமீதின் விரித்த கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு அவை இறங்கி, நீட்டிய கைகளைப் பற்றிக்கொண்டன. அவர் பார்வை ஒருமுறை இவருடைய ஜிப்பாவின் இடப்பக்கம் போய்விட்டு மேலே வந்தது.

"சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜலாலுதீன் அந்தப் பிரியாணியைக் கீழே பால்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, சட்டியைக் கழுவி நாற்காலியிலேயே வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அஜீஸைக் காட்டிக்கொடுத்தவன் அகப்பட்டான். அவர் தினமும் மோர் வாங்கிக் குடித்த வண்டிக்காரன். டன்லப் தெருவுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்றைக்கே ஜலாலுதீன் ஓடிப்போய், "காக்கா, இப்படி ஒரு மடத்தனம் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்தடிப் பாதையில் தூரத்தில் நின்று, ஹமீது குனிந்து ஊசி கோப்பதைப் பார்த்தார். உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல எந்த வாயைக் கொண்டுபோவது? திரும்பிவிட்டார். மறுநாளும் போய்த் திரும்பினார். பயம் போயிருந்தது, அது இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கி அதே இடத்தில் இருந்தது.

ஆடி மாதக் கப்பலில் ஹமீது ஊருக்கே போகப் பயணச் சீட்டு எடுத்துவிட்டார் என்று தேநீர்க் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தட்டுக்கடையைக் கைமாற்றிவிட்டாராம். பார்வை மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று காரணம் சொன்னாராம்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முற்பகல் வெயிலில் ஒரே கூட்டம். போகிறவர் ஒருவர் என்றால் வழியனுப்ப வந்தவர்கள் பத்து. எல்லோரும் வரிசையாக வந்து ஹமீதைத் தழுவி, துஆச் சொல்லி, அழுது, மூக்கைச் சிந்தினார்கள். ஜலாலுதீன் கடைசியில் நின்றார். இன்றைக்கு அதை அறையிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று இரவெல்லாம் நினைத்திருந்தார். தடுப்பறைப் பூட்டு ஒரு தட்டுக்குத் தாங்காது; வைத்துவிட்டு வந்த துப்பாக்கி காணாமல் போனால் சிறைதான். கட்டிக்கொண்டே வந்திருந்தார். பாதுகாப்புக்கு என்று வாங்கியதற்கு அவரே காவல்காரர் ஆகியிருந்தார்.

அவர் முறை வந்தது. ஹமீது இந்தத் தடவை கைகளை விரிக்கவில்லை. தாமாகவே இரண்டு கைகளையும் நீட்டினார், இவருக்குச் சங்கடம் வைக்கக்கூடாது என்பதுபோல. பிறகு காகிதத்தில் சுற்றிய ஒரு பொதியை இவர் கையில் திணித்தார்.

"ரூமுக்குப் போய்ப் பிரிச்சுப் பாரு. இங்க வேணாம்."

"காக்கா..." என்றார் ஜலாலுதீன்.

"சரி, சரி. ஒடம்பப் பாத்துக்க."

படகு ஹமீதையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குப் போயிற்று. கப்பல் நகர்ந்து புகை மட்டும் தெரியும்வரை ஜலாலுதீன் நின்றார். பிறகு பஸ் பிடித்து பஃபலோ ரோட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, பொதியைப் பிரித்தார்.

பச்சை பெல்ட். புதுசு. முன்பக்கம் வழக்கமான மூன்று பைகள். நாலாவது பை பின்புறம் வலது இடுப்புக்கு மேலே, இரட்டைத் தோல் வைத்துத் தட்டையாகத் தைத்திருந்தது. அதற்குள் மடித்த ஒரு தாள். ஹமீது எழுத்துக்கூட்டி எழுதுகிறவர், பேசுவதுபோலத்தான் எழுதியிருந்தார்.

'ஜலாலு, அந்தச் செருப்புத் தைக்கிற சீனத் தவுக்கே பச்சைத் தோலு என்கிட்டதான் வாங்குவான். உன் பெல்ட்டையும் நீ வெட்டிக் குடுத்த அட்டையையும் கொண்டாந்து இந்த அளவுக்குத் தோலு குடுன்னான். நான்தான் வெட்டிக் குடுத்தேன். அட்டையப் பாத்ததுமே என்னான்னு புரிஞ்சுபோச்சு. எனக்குப் பயந்து வாங்குனியோன்னு ஒரு மாசம் நெனச்சேன். அப்புறம் அப்படி நெனைக்கறத விட்டுட்டேன். அவன் பைய முன்னால வச்சு உன்னைக் கெடுத்துட்டான். இதுல பின்னால வச்சிருக்கேன். இனி யாரு வந்து கட்டிப்பிடிச்சாலும் தெரியாது.'

ஜலாலுதீன் பழைய பெல்ட்டை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினார். துப்பாக்கியைச் செருகினார். அளவெடுத்ததுபோல நுழைந்தது, அளவெடுத்ததுதானே. ஜிப்பாவை இழுத்துவிட்டார். நின்ற இடத்திலேயே குனிந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார். சத்தமில்லை. எழுந்து நெஞ்சிலிருந்து வயிறுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எதுவும் தட்டுப்படவில்லை.

பிறகு, பெருநாளன்று ஹமீது நின்றாரே அந்த இடத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை. நாற்காலியில் அந்தத் தூக்குச் சட்டி, திருப்பிக் கொடுக்கப்படாமல், இன்னும் அங்கேயே இருந்தது.