செத்தவங்க நோட்டு

பிணம் மறுபடியும் மூச்சு விட்டது. சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்த நடிகையின் விலா லேசாக ஏறி இறங்கியது மானிட்டரில் பளிச்சென்று தெரிந்தது. "கட்" என்றார் நாவலாசிரியர். அவர்தான் படத்தின் இயக்குநரும். ஏழாவது முறை கட் சொல்கிறவர் குரலில் ஒரு எரிச்சலாவது இருக்க வேண்டும், அதுகூட இல்லை. கதவைத் திறந்து விடு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆறு செகண்ட்தாம்மா. மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கங்க."

"அடக்கிட்டுத்தான் சார் இருக்கேன். வயிறு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிப்பதற்கு உதட்டை விரித்தார். எட்டாவது முறை அந்தப் பெண் ஒழுங்காகச் செத்தாள். சாப்பாட்டு இடைவேளை என்று யாரோ கத்தினார்கள். வாடகைக்கு எடுத்த அந்த மூன்றாம் மாடி வீட்டில், வயர்களைத் தாண்டித் தாண்டி ஆட்கள் படியிறங்கினார்கள்.

முப்பத்து நான்கு வருடங்களில் நூற்றுத் தொண்ணூற்றாறு நாவல்கள், ஒன்பது படங்கள். ரயிலில் ஏறுகிறவன் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து வாங்குகிற புத்தகம் அவருடையது. மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் ஒரு பிணம், கடைசிப் பக்கத்தில் ஒரு முடிச்சு. கடைசிப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார், அதனால் படப்பிடிப்பில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'கடைசிப்பக்கம்'. படமாக்குகிற நாவல் கடைக்கு வருகிற மாதத்திலேயே அதன் படப்பிடிப்பும் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். கெடு தவறியதே கிடையாது. ஐந்து மாதத்துக்கு முன்னால் மனைவி இறந்தபோதும் தவறவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நாள் மேஜையில் உட்கார்ந்தார், நாற்பது நாளில் இந்த நாவலை முடித்துவிட்டு எழுந்தார். இடையில் ஒருநாள்கூட அழவில்லை. அழுகை வருமென்று மகள் ஒரு வாரம் லீவு போட்டுக் கூடவே இருந்து பார்த்தாள். அப்பா இடித்த புளிபோல உட்கார்ந்திருந்தார். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அழாதது அவருக்கே உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. இத்தனை பேரைக் கொன்று எழுதிய கைக்கு இது நூற்றுத் தொண்ணூற்றேழாவதாகப் போய்விட்டதோ என்று நினைத்துக்கொள்வார். பயமும் வெகுதூரத்தில் யாருக்கோ வந்ததுபோலத்தான் இருக்கும்.

படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தது புரூஃப் அம்மா. பதிப்பகத்தில் இருபத்தெட்டு வருடமாக அவருடைய பிழைகளைத் திருத்துகிறவர். போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிற ஆள், நேரில் வந்ததே இது மூன்றாவதோ நான்காவதோ தடவை. பழுப்பு உறையை மார்போடு அணைத்திருந்தார்.

"நாலு மணிக்கு மெஷின்ல ஏத்தணும் சார். அதுக்குள்ள நீங்க ஒரு வாட்டி பாத்துடணும்."

"என்னம்மா, ஒற்றுப் பிழையா?"

"ஒற்றுப் பிழைன்னா நானே பாத்துக்க மாட்டேனா? இது உயிர்ப் பிழை சார்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மூணாவது அத்தியாயத்துல துப்பறியறவரோட மனைவி செத்துப் போறாங்க. கழுத்தை நெரிச்சு. இப்ப எடுத்தீங்களே, அதான். ஆனா அறுபத்தொண்ணாம் பக்கத்துல வர்றாங்க. தொண்ணூத்தெட்டுல வர்றாங்க. நூத்து நாப்பத்து மூணுலயும் வர்றாங்க."

"ஞாபகமா வர்றாளா? கனவா?"

"இல்ல சார். சும்மா வர்றாங்க."

அவர் தாள்களை வாங்கிச் சமையலறை மேஜையில் பரப்பினார். அறுபத்தொன்றில், துப்பறிகிறவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருக்க, கதவருகே நின்று அவள் சொல்கிறாள்: 'நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுங்க.' தொண்ணூற்றெட்டில், எழுதுகிற மேஜையில் வெந்நீர் டம்ளரை வைத்து அதன்மேல் ஒரு தட்டை மூடிவிட்டுப் போகிறாள். நூற்று நாற்பத்து மூன்றில், கொலைகாரனுக்காகத் துப்பறிகிறவர் காரில் காத்திருக்கிறார். போன் வருகிறது. 'லேட்டாகுமா? வெளி லைட்டை எரிய விடட்டுமா?' அவர், 'விடு' என்கிறார். அடுத்த வரியிலேயே துப்பாக்கி சுடுகிறது, கதை பாட்டுக்கு ஓடுகிறது.

மூன்றையும் இரண்டு தடவை படித்தார். எழுதியது அவர்தான், ஆனால் எழுதிய நினைவு துளிகூட இல்லை.

இந்தத் தப்பு முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது. ஏழாவது நாவலில், நாலாம் அத்தியாயத்தில் விஷம் குடித்துச் செத்த பேங்க் மேனேஜர் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் நின்றுகொண்டு தலைவலி என்று சொல்லிவிட்டார். 'விஷத்துக்கு வெறும் தலைவலிதானா, எந்தக் கடையில் கிடைக்கும்?' என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. மானம் கப்பலேறியது. அன்றைக்குத்தான் மனைவி ஒரு நீள நோட்டை எடுத்து அட்டையில் 'செத்தவங்க' என்று எழுதினாள். பெயர், எந்த அத்தியாயம், எப்படி, சட்டை என்ன நிறம். நாவலை முழுசாகப் படிக்க அவளுக்குப் பயம். செத்தவர்களை மட்டும் குறித்துக்கொள்வாள், அப்புறம் அவர்கள் எங்காவது எழுந்து வருகிறார்களா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பாள். அந்த நோட்டு இன்றும் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது, பேனா செருகியபடி. இந்த நாவலுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

"மாசா மாசம் அவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க சார்" என்றார் புரூஃப் அம்மா. "ரெண்டு பேருமா பொணம் எண்ணிக்கிட்டு உக்காந்திருப்போம். என் வீட்டுக்காரர் கேட்டுட்டு மிரண்டு போவாரு."

"நீங்களே அடிச்சிருக்கலாமே."

"அடிக்கத்தான் பென்சிலை எடுத்தேன். மூணு இடந்தான், எடுத்துட்டா கதைக்கு ஒண்ணும் ஆகாது. கை வரல சார்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லேன்னா துப்பறியறவரோட அக்கான்னு மாத்திடலாம். அக்கா வந்து தங்கியிருக்காங்கன்னு ஒரு வரி போட்டாப் போதும்."

கெட்டிக்கார யோசனைதான். அக்கா வந்து கண்ணாடியைப் பற்றிச் சொல்லலாம். வெளி லைட்டை எரிய விடட்டுமா என்று அக்கா கேட்பாளா என்று அவர் யோசித்துப் பார்த்தார். கேட்க மாட்டாள். புரூஃப் அம்மாவின் பென்சிலை வாங்கினார். மனைவியின் கடைசி நாளன்று, ஆஸ்பத்திரியில், படப்பிடிப்பை நிறுத்திவிடட்டுமா என்று அவர்தான் கேட்டார். "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். போனார். ஒரு கிழவர் நாற்காலியில் சாய்ந்து சாகிற காட்சி. சத்தம் வரக்கூடாதென்று எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டிருந்தார்கள். பதினோரு டேக். சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்தபோது மகளிடமிருந்து பதினாறு அழைப்புகள். எந்த டேக்கில் மனைவி போனாள் என்று அவர் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

அறுபத்தொன்றில் கோடு இழுத்தார். நேர்கோடு. தொண்ணூற்றெட்டில் டம்ளரையும் தட்டையும் சேர்த்து அடித்தார். நூற்று நாற்பத்து மூன்றில் போன் மணி தொடங்கி 'விடு' வரைக்கும் நாலு வரி, நாலையும் அடித்தார். புரூஃப் அம்மா தாள்களை அடுக்கக் கையை நீட்டினார்.

"சார், நான் கிளம்பட்டுமா?"

அந்த நடிகை. முகத்தைக் கழுவிவிட்டாள், கழுத்தில் நீலத் தழும்பு மட்டும் பாதி அழிந்து பாக்கி இருந்தது. கைப்பை தோளில் ஏறிவிட்டது. "இன்னையோட எனக்கு முடிஞ்சுதுன்னாங்க. சொல்லாமப் போகக் கூடாதேன்னு வந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். புரூஃப் அம்மா நீட்டிய கையில் தாளைக் கொடுக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா."

"இன்னும் சீன் இருக்கா சார்? நான்தான் செத்துட்டேனே."

அவர் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அவள் புரூஃப் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் எதிர் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாளைத் திருப்பித் தன் பக்கம் இழுத்துக்கொண்ட நாவலாசிரியர், அடித்த வரியின் கீழே ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. தெரியாமல் அடித்துவிட்ட வரிக்கு உயிர் கொடுக்க அதுதான் வழி: கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிவிட்டால் அச்சுக்கோப்பவர் அடித்ததை அடித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் புரூஃப் அம்மா சொல்லிக் கொடுத்தது.

"வாசகர்கள் எழுதுவாங்க சார்" என்றார் புரூஃப் அம்மா மெல்ல. "மூட்டை மூட்டையா எழுதுவாங்க."

"எழுதட்டும்."

'லேட்டாகுமா' என்பதன் கீழே புள்ளிகள் போயின. 'வெளி லைட்டை' என்பதன் கீழே, 'எரிய விடட்டுமா' என்பதன் கீழே. கண் வறண்டுதான் இருந்தது. கீழே தெருவிலிருந்து யாரோ, "சார், ஷாட் ரெடி" என்று குரல் கொடுத்தார்கள். எதிரே அந்தப் பெண் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து அடக்கியதையெல்லாம் சேர்த்து விடுகிறவள்போல. 'விடு'வின் கீழே கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்துவிட்டு ஓரத்துக்குப் போனார். எழுதத் தொடங்கி இரண்டாவது எழுத்தில் பென்சில் முனை முறிந்தது.

புரூஃப் அம்மா பையிலிருந்து பென்சில் துருவியை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. தாளின் ஓரத்தில் 'இரு' என்று மட்டும் இருந்தது.