நாலாம் டிவிஷனின் ஐந்தாவது ஆல்பம்

நாலாம் டிவிஷன் ராக் பேண்டில் மூன்று பேர். சூசையப்பன் பாடிக்கொண்டே பேஸ் கிடார் வாசிப்பார். காளிச்சாமி லீட் கிடார். ஜோஸ் டிரம்ஸ். மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். காளிச்சாமிக்குக் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு மூட்டைத் தேங்காயோடு மலையேறி வருவார்.

இதுவரை நான்கு ஆல்பங்கள் வந்திருந்தன. நான்கிலும் ‘மஸ்டர்’ இல்லை.

‘மஸ்டர்’ சூசையப்பன் எழுதிய முதல் பாட்டு. தேயிலை எஸ்டேட்டில் காலையில் பெயர் கூப்பிடுவதைப் பற்றியது. பதினொரு நிமிடம். கடைசிப் பகுதியில் பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் போகும். முதல் ஆல்பத்தில் கேசட்டில் இடம் போதவில்லை. இரண்டாவதின்போது ஜோஸின் கை மாவுக்கட்டில் இருந்தது. மூன்றாவதில் ஒலிப்பதிவுக்காரர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. நான்காவதில் கரண்ட் போனது.

இப்போது ஜோஸ் அயர்லாந்துக்குப் போகிறார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்ப வேண்டும். திரும்பி வருவதாக அவர் சொல்லவில்லை. ஆகவே ‘மஸ்டர்’ இந்த வாரம் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் இல்லை.

எர்ணாகுளத்து ஸ்டுடியோவில், டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார்கள்.

“அப்ப பாட்டையும் கம்ப்யூட்டரே கேட்டுக்கிடட்டும்” என்று ஜோஸ் போனை வைத்துவிட்டார்.

பூப்பாறைக்கு மேலே சூசையப்பனின் மனைவி கத்தரீனாளுக்கு ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருந்தது. சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் பச்சைக் காயைக் கொண்டுவந்து அங்கே உலர்த்தி வாங்கிப் போவார்கள். உலர்த்தும் அறைக்கு டிரையர் என்று பெயர். ஜன்னல் கிடையாது, சுவரெங்கும் சாக்கு. உள்ளே கைதட்டினால் எதிரொலி வராது. ஸ்டுடியோவுக்கு இதைவிட நல்ல அறை மலையில் இல்லை. ஒரே குறை, சீசனில் அது ஐம்பது டிகிரியில் இருக்கும்.

“அடுப்பை அணைக்க மாட்டேன்” என்றாள் கத்தரீனாள். “ஊரான் காய் உள்ள கெடக்கு. வேணும்னா காயோட சேந்து நீங்களும் காயுங்க.”

காய்ந்தார்கள். காய் பரப்பிய தட்டுகளுக்கும் கதவுக்கும் நடுவே டிரம்ஸை வைத்தார்கள். காளிச்சாமி சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டார். சூட்டில் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கியது. இரண்டு கிடாரும் சேர்ந்தே இறங்கியதால் தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் மூவரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார்கள். சூசையப்பனின் மகள் சிஞ்சு ஒலிப்பதிவையும் டிரையரின் சூட்டையும் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் தன் காயை எடுக்க வந்த பூபதிராஜா, தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, இது என்ன பச்சை! கிளி மாதிரில்ல இருக்கு! என்ன செஞ்சீங்க?”

“நான் ஒண்ணும் செய்யல. இவுக உள்ள கெடந்து கத்துனாக.”

ஏலக்காய்க்குப் பச்சை இருந்தால்தான் விலை. சாயங்காலத்துக்குள் ஜீப்புகள் வந்து நின்றன. எல்லோருக்கும் பாட்டுப் பாடிய டிரையரில்தான் காய வேண்டும். ஒருவர் தன் காய்க்குச் சோகப் பாட்டு வேண்டாம் என்றார். பூபதிராஜா இரண்டாவது பாட்டையே திரும்பப் பாடச் சொன்னார்.

“ஏனுங்க சூசை” என்றார் காளிச்சாமி, “இத்தன வருசத்துல நம்மள ஒருத்தராச்சும் ஒன்ஸ்மோர் கேட்டிருக்காங்களா? இப்பக் கேக்கறாங்க. ஆனா ஏலக்காய்க்கு.”

வியாழக்கிழமை ‘மஸ்டரை’ ஒத்திகை பார்த்தார்கள். கதவை மூடிக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் நான்கு முறை. மறுநாள் தட்டில் பாதிக் காய் வெடித்து விதை தெரிந்தது. அதுவும் பூபதிராஜாவின் காய்.

“அண்ணே, பாட்டு தப்பில்ல. டிரம்ஸுதான்” என்றார் அவர். “அந்த அடி அடிச்சா காய் தாங்குமா? பச்சப் புள்ள மாதிரிண்ணே அது.”

“நான் அடிச்சது டிரம்ம. உன் காயவா அடிச்சேன்?” என்றார் ஜோஸ்.

“ஜோஸண்ணே, ரெண்டு ஸ்பூனை வச்சு மெல்லமாத் தட்டுனா…”

“ஸ்பூன வச்சு நீ கஞ்சி குடி.”

கத்தரீனாள் தீர்ப்புச் சொன்னாள். இனி டிரையருக்குள் டிரம்ஸ் கிடையாது. உருளைகளை வெளியே உருட்டிவிட்டாள். ஒன்று ஏலத்தோட்டத்துக்குள் சிறிது தூரம் போய் நின்றது.

சிஞ்சு அப்போது பேசினாள். “பாட்டுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லப்பா. ஒவ்வொரு பாட்டுக்கும் நீங்க கதவைத் திறந்தீங்க. உள்ள இருந்த ஈரக்காத்து வெளிய போச்சு. அதான் பச்சை. ‘மஸ்டர்’ நீளம். நேத்து கதவே திறக்கல. சூடு ஏறுச்சு, ஈரமும் போகல, வெடிச்சுது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“இருக்கும்மா” என்றார் பூபதிராஜா. பிறகு சூசையப்பனிடம் திரும்பி, “எதுக்கும் டிரம்ஸ் வேணாம்ணே” என்றார்.

வெள்ளியும் சனியும் மீதிப் பாட்டுகளை டிரம்ஸ் இல்லாமல் பதிவு செய்தார்கள். ஜோஸ் வெளியே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவர் பெட்டியில் துணியைப் போடும் சத்தம்கூடத் தாளத்தில் இருந்ததாகச் சூசையப்பனுக்குத் தோன்றியது. சனிக்கிழமை இரவு சூசையப்பன் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை கத்தரீனாள் பூசைக்குப் போனாள். அவள் குடை வளைவில் மறைந்ததும் சூசையப்பன் தோட்டத்துக்குள் இறங்கி உருளையைத் தூக்கி வந்தார்.

“உள்ள யாரோட காய்?” என்று கேட்டார் ஜோஸ்.

“பூபதிராஜாவோடது.”

“பாவம்” என்று சொல்லி ஜோஸ் குச்சிகளை எடுத்தார்.

சிஞ்சு கதவை அகலத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

“வெளிச்சத்தம் பூரா உள்ள வருமே?” என்றார் சூசையப்பன்.

“வரட்டும்ப்பா. காய் பிழைக்கும்.”

ஆரம்பித்தார்கள். சூசையப்பன் பெயர்களைக் கூப்பிட்டார். காளிச்சாமியின் கிடார் ஒவ்வொரு பெயருக்கும் “வந்தேன்” என்றது. ஒரு நாய் குரைத்தது. யாரும் நிறுத்தவில்லை. பிறகு பாட்டு ஓய்ந்து, ஜோஸ் கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஏறத் தொடங்கினார்.

அன்று சர்ச்சில் பங்குச்சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார்.

ஜோஸ் உச்சிக்குப் போய், ஒரு அடி அடித்து, அடுத்த அடிக்குக் கையைத் தூக்கி நிறுத்திய நொடியில், வாசலிலிருந்து கத்தரீனாளின் குரல் வந்தது.

“அட மனுசா! கதவத் தொறந்து போட்டுட்டு என்ன கூத்துய்யா அடிக்கீக? சூடு பூரா வெளிய போகுது! சாத்துங்கய்யா!”

ஜோஸ் கண்ணைத் திறக்கவில்லை. அந்த “சாத்துங்கய்யா”வின் மேல் குச்சி இறங்கியது. முடிக்கும்வரை அடித்தார். முடித்ததும் எழுந்து கத்தரீனாளுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வியர்வை சொட்ட ஜீப்பில் ஏறிக் கொச்சிக்குப் போய்விட்டார். இன்னொரு முறை பதிவு செய்ய ஆள் இல்லை. குரல் ஆல்பத்திலேயே நின்றது.

மறுநாள் காய் கிளிப்பச்சையாக இருந்தது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. பூபதிராஜா துருவித் துருவிக் கேட்டதில் சூசையப்பன் உண்மையைச் சொல்லிப் பாட்டையும் போட்டுக் காட்டினார். பூபதிராஜா நாய் குரைத்தபோது தலையாட்டினார். டிரம்ஸ் ஏறியபோது முகத்தைச் சுளித்தார். கத்தரீனாளின் குரல் வந்ததும் எழுந்து நின்றார்.

“இதான்! அக்கா அதட்டியிருக்காங்க. காய் பயந்து அடங்கியிருக்கு.”

சிஞ்சு வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, “ஆனா மாமா, கதவு திறந்திருக்கணும்” என்றாள். “திறந்த வாசல்ல நின்னு கத்துனாத்தான் கேக்கும். மூடியிருந்தா பலிக்காது.”

“அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, தாயி” என்றார் பூபதிராஜா.

ஆல்பம் வெளிவந்தது. ஸ்டோர்க்காரர்கள் எல்லோரும் வாங்கினார்கள். டிரையருக்குள் ஸ்பீக்கரை மாட்டி, காயைப் பரப்பி, ஆல்பத்தைப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ‘மஸ்டர்’ வரும்போது கதவைத் திறந்து வைத்தார்கள். வசதி உள்ளவர்கள் ஜீப் அனுப்பி கத்தரீனாளையே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் பூசைச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் வந்தாள்.

“மொதல்லேயே உங்க பேண்டுல என்னையச் சேத்திருந்தா எங்கேயோ போயிருப்பீக” என்றாள் கணவனிடம்.

அயர்லாந்திலிருந்து ஜோஸ் கூப்பிட்டார். “சூசை, கேட்டேன்ல. நல்லாத்தான் இருக்கு. அவ மட்டும் ஒரு நூல் முந்தி வாறா.”

ஒரு நாள் பூபதிராஜா புதிதாகக் கட்டிய ஸ்டோருக்கு மனைவியுடன் சூசையப்பனும் போனார். உள்ளே ‘மஸ்டர்’ ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்குத் தட்டுகளைத் தவிர யாருமில்லை. அவர் சாலையோரத்தில் போய் நின்றார். கத்தரீனாள் கதவைத் திறந்ததும் ஜோஸின் டிரம்ஸ் பொலபொலவென்று சாலைக்கு இறங்கி வந்தது. மூணாறு பஸ் ஒன்று எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி நின்றிருந்தது. ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினாள். தலையை வெளியே நீட்டிக் கேட்டாள். கத்தரீனாள் அதட்டினாள். ஸ்பீக்கருக்குள்ளிருந்தும் கத்தரீனாள் அதட்டினாள். குச்சி இறங்கியது.

“அண்ணே, என்னண்ணே இது?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

எங்கள் பாட்டு என்று சொல்ல நினைத்தார்.

“ஏலக்காய் காயுதும்மா” என்றார்.

பஸ் நகர்ந்தது. வளைவு திரும்பும்வரை அவள் தலையை உள்ளே எடுக்கவில்லை.