நடுவில் நின்றவன்

"நீங்க ரெண்டு பேரும் நேரா கை கொடுத்துக்கிட்டா கோயில் கூரையா இடிஞ்சு விழும்?" என்று அவன் ஒருமுறை மனைவியிடம் கேட்டான்.

"உங்கம்மா முதல்ல நீட்டட்டும்."

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க. சம்பளம் இல்லாத தபால்காரன் நான்."

பேச்சு அதோடு நின்றது. மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில்தான் அவன் இடம். பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் அம்மாவின் கையைப் பிடிப்பான். அந்தச் சூடு ஆறுவதற்குள் மனைவியின் கையைப் பிடித்து, "அம்மா கொடுத்தது" என்று கண்ணடிப்பான். தன்னைக் கேட்காமல் மகன் செய்துகொண்ட கல்யாணத்தை அத்தை மன்னிக்கவே இல்லை. அவளிடமிருந்து மருமகளான இவளுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அவன் வழியாக வந்ததுதான்.

மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று அவனைக் கொண்டுபோனது. அதன் பிறகும் கோயிலில் இருவரும் அவன் நின்ற இடைவெளியை நிரப்பவில்லை. வீட்டிலும் அப்படித்தான். அத்தை உப்பு கேட்க மாட்டாள். இவள் டப்பாவை அவனுடைய நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைப்பாள். சற்றுக் கழித்து அத்தை எடுத்துக்கொள்வாள். தையல் கடையில் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு பாவாடை விளிம்பு மடிக்கிற அத்தை, வீட்டுக்கு வந்தும் அவற்றைத் துப்பாதவள்போல இருந்தாள்.

முன்பு அவன் வேலை முடிந்து வரும் அதே நேரத்தில் இப்போதும் வாசலில் சத்தம் கேட்கும். ஒரு செருப்பு, பிறகு இன்னொன்று, சுவரில் மோதி விழும். அவன் அப்படித்தான் உதறுவான். முதல் தடவை இவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். படியில் ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது அத்தை தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று இவள் முடிவு செய்துகொண்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் பேய்க்கதை பேசினால் யார் சிரிக்க மாட்டார்கள்?

அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றல் வாங்கினாள். அத்தையையும் அழைத்துப்போக ஆசைதான். மகன் நடமாடிய வீட்டை விட்டு வருவாளா? முகத்தில் அடித்தாற்போல மாட்டேன் என்றுவிட்டால்? கிளம்புவதை மட்டும் சொன்னாள். அத்தை "சரி" என்றாள்.

போவதற்கு முந்தைய ஞாயிறு. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும்படி பாதர் அழைத்தார். முன்வரிசைக்காரர்களிடம் தலையசைத்துவிட்டுத் திரும்பிய இவள் அப்படியே நின்றாள். அத்தையின் கை வெற்றிடத்தை நோக்கி நீண்டிருந்தது, அவனுக்கு நீட்டும் அதே உயரத்தில். எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன.

ஓடிவிடலாமா என்றுகூட இவளுக்குத் தோன்றியது. ஆனால் கால் அந்தப் பக்கமாக நகர்ந்தது. யாரோ அப்போதுதான் விலகி இடம் விட்டதுபோல இருந்தது. ஊசி குத்திக் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்தாள். இத்தனை வருடமும் அவன் கொண்டுவந்து கொடுத்த அதே சூடு.

"சமாதானம், அத்தை."

மற்றவர்கள் பீடத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். அத்தை கையை விடவில்லை.

"செருப்புச் சத்தம் உனக்கும் கேக்குதுல்ல?"

இவள் தலையசைத்தாள்.

"என் புள்ளதான். இருந்தாலும் பயமா இருக்கும்மா." உதட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல அவள் பேசினாள். "நீ கிளம்புறேன்னு சொன்ன அன்னிலேர்ந்து வாய் வரைக்கும் வந்து நிக்குது. என்னையும் கூட்டிட்டுப் போறியா?"