மாத்திரைப் புட்டியின் அடித்தூள்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் அம்மா விட்டுப்போன இரும்புச் சட்டியின் மேல் கைவைத்துச் சொல்கிறேன். பாயூ என்கிற எங்கள் சதுப்பு ஓடைக் கரையில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. அந்தச் சட்டியில் கிண்டிய கம்போக் குழம்பைச் சாப்பிட்ட பிறகுதான் பாதிரியாரே என்னுடைய மற்றப் பொய்களை மன்னித்தார்.

பாம்பைக் கொண்டுவந்தவன் ஓடையில் கூண்டு போட்டுக் கிராஃபிஷ் இறால் பிடிக்கிற தியோஜீன். ஏப்ரலில் அவன் கூண்டில் மாட்டிய ரிப்பன் பாம்பு. பென்சில் பருமன், இரண்டடி நீளம், கறுத்த முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள். விஷம் கிடையாது. பயந்தால் கையில் நாற்றமாக எதையோ பீச்சும், அவ்வளவுதான். ஊறுகாய் ஜாடியை என் கையில் திணித்துவிட்டு அவசரமாகப் படகைப் பார்த்தான்.

"நல்லா பாத்துக்கங்க பெரியவரே. என்னால முடியல."

"இத்தனூண்டு பாம்பைப் பாத்துக்க முடியலையாடா உனக்கு?"

"அது என்னைப் பாத்துக்குது. அதான் முடியல."

அவன் கைகள் புதுப் பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி ரோஜா நிறத்தில் இருந்தன. வயது ஐம்பத்திரண்டு. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கழுவி, ஒரு மூலையில் ஈரப் பாசி, நடுவில் தண்ணீர்க் கிண்ணம், மறு மூலைக்கு மேல் சூட்டு விளக்கு என்று வைத்தேன். மூடிக்கு நாலு பக்கமும் கொக்கி. தலை நுழைந்தால் உடம்பும் போய்விடுகிற ஜாதி அது. குளோதில்த் என்று பேர் வைத்தேன்.

என் மனைவி எல்டா இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்க அத்தை பேரையா பாம்புக்கு வைக்கிறே?"

"முகஜாடை இருக்கே."

அன்று இரவு எனக்குச் சோறு இல்லை.

அதன் தீனிக்கு மீன் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எல்டாவின் தம்பி குளோவிஸ் தூண்டில் கடை வைத்திருக்கிறான். தூண்டிலில் இரையாகக் கோர்க்கிற தூண்டில் மீனை வாளி வாளியாகக் கொடுத்தான். பெரிய மீன் தின்கிறதைச் சின்னப் பாம்பும் தின்னும் என்பது அவன் கணக்கு, என் கணக்கும் அதுதான். இந்தக் கரையில் பிறந்த எவனும் தூண்டில் மீனைச் சந்தேகப்பட்டதில்லை. குளோதில்த்தும் தண்ணீருக்குள் தலையை விட்டுச் சட்டென்று கவ்வும். நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் வாரம் பாம்பின் கண்களில் பால் படர்ந்த மாதிரி நீலம் பூத்தது. தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். மறுநாள் காலையில் நான் கண் விழித்தால் வீடெல்லாம் பனி. குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, "எல்டா, ஒரு காப்பி கொடேன்" என்று கேட்டேன். எல்டா பின்னாலிருந்து பதில் சொன்னாள்.

எட்டாம் நாள் குளோதில்த் சட்டையைக் கழற்றியது. அதே காலையில் என் கண்ணும் தெளிந்தது. எல்டா படுக்கை விரிப்பை உதறினாள். என்னவோ மெல்லியதாகக் கீழே விழுந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முழங்காலிலிருந்து பாதம் வரை, விரல் ஐந்தும் கிழியாமல், ஒரு காலுறை.

"இது என்னோடது இல்ல," என்றாள் மெதுவாக.

"என்னோடதுதான்," என்றேன்.

அவள் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள்.

அதன் பிறகு ரோட்டில் யார் வருகிறார்கள் என்று நாக்கை நீட்டியே சொல்ல ஆரம்பித்தேன். மதியங்களில் எனக்கே தெரியாமல் பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் மோவாயை வைத்து அசையாமல் இருந்தேனாம். எல்டா கூடத்தை எட்டிப் பார்ப்பாள். பாம்பும் கிண்ண விளிம்பில் மோவாயை வைத்திருக்கும். இரண்டு பேரும் கண் சிமிட்டுவதில்லை என்று குளோவிஸிடம் சொல்லியிருக்கிறாள்.

"கல்யாணத்தன்னைக்கே சிமிட்டலியே அக்கா இவரு," என்றானாம் அவன்.

ஜூலையில் பெரிய மழை. பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. அந்தக் காலையில் குளோதில்த்தின் தலை நடுங்கியது. முன்னால் போக நினைத்தால் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போயிற்று. கழுத்து பின்னால் வளைந்து கூரையைப் பார்த்தது. நான் அதைக் குனிந்து பார்க்கப் போனேன். குனிய முடியவில்லை. என் கழுத்தும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்டா பக்கத்து ஊர் மிருக வைத்தியருக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

"என்ன தீனி போடுறீங்க?"

"தூண்டில் மீன்."

"அது மட்டுமா? மூணு மாசமாவா? அம்மா, அந்த மீன்ல பல ஜாதி, உடம்புல இருக்கிற பி ஒன் சத்தைத் தின்னுடும். பாம்பு இன்னைக்கு ராத்திரி தாண்டாது. வைட்டமின் மாத்திரை இருந்தா மீனுக்குள்ள வச்சுக் குடுங்க. இனிமே வாய்க்கால்ல கொசுமீன் பிடிச்சுப் போடுங்க, தவளை போடுங்க."

"வீட்டுக்காரருக்கும் கழுத்து அப்படித்தான் நிக்குது டாக்டர்."

"அவருக்கு என்ன போடுறீங்க?"

எல்டா போனை வைத்தாள். அலமாரியில் வைட்டமின் புட்டி இருந்தது. உள்ளே ஒரே ஒரு மாத்திரை. பாலம் முழுகிவிட்டது, கடைக்குப் போக வழியில்லை.

"பாம்புக்குக் குடு," என்றேன், கூரையைப் பார்த்தபடி. நாக்கு குளறியது. "அது போனா நானும் போயிடுவேன்."

"நாப்பத்தோரு வருஷம் சோறாக்கிப் போட்டிருக்கேன். மருந்து எனக்குத் தெரியும். வாயைத் திற."

"எல்டா..."

"திறயா!"

மாத்திரையை என் தொண்டையில் தள்ளினாள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு மணி நேரம். என் தலை இன்னும் வேகமாக ஆடியது. விரல் நுனிகள் சில்லிட்டன. தொட்டிக்குள் பாம்பு மல்லாந்து கிடந்தது. என் நாற்காலி தானாகப் பின்னால் சாயத் தொடங்கியதை அவள் பார்த்தாள். அப்போதுதான் முதல்தடவையாக அவள் முகத்தில் ரத்தம் இல்லாமல் போயிற்று.

எழுந்து போனாள். கொல்லை வாய்க்காலில் சல்லடையைப் போட்டு ஒரு கொசுமீன் பிடித்தாள். காலிப் புட்டியைத் தட்டினாள். அடியில் ஒட்டியிருந்த தூள், நகக்கண் அளவு. மீனை அதில் புரட்டி, இடுக்கியில் பிடித்து, பாம்பின் வாயருகே நீட்டினாள்.

"தின்னு அத்தை," என்றாள். "இவரு போயிட்டா இந்த வீட்டுல நான் யாரைத் திட்டுறது?"

குளோதில்த் கவ்வியது. விழுங்கியது. மீன் கழுத்தைத் தாண்டி இறங்குவதை நான் பார்க்கவில்லை. என் தொண்டையில் உணர்ந்தேன். செதில் உரசியது.

பதினோரு நிமிஷத்தில் பாம்பு நிமிர்ந்தது. என் நாற்காலியும் முன்னால் வந்து நின்றது.

எல்டா முந்தானை போலத் தொங்கிய ஏப்ரனில் முகத்தைத் துடைத்தாள். "இனிமே உனக்குக் காய்ச்சல் வந்தா பாம்பைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்."

அன்றிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் கேட்பாள். ஒருநாள் சாயங்காலம், "வயிறு நிறைஞ்சுதா?" என்றாள். குளோதில்த் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எல்டா எழுந்து விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, அன்று ராத்திரி தம்பி வீட்டில் போய்ப் படுத்தாள்.

வெயில் காட்ட மூடியைத் திறந்து கொல்லையில் வைத்த தொட்டியிலிருந்து குளோதில்த்தை ஒரு நாரை தூக்கி விழுங்கியது போன ஆகஸ்டில். அன்று மத்தியானம் நான் ஒற்றைக் காலில் நின்றபடி இரண்டு தட்டு கெளுத்தி வறுவல் சாப்பிட்டேன்.