மூலை கிள்ளிய துணி

புதுத் துவக்கைப் புது மாப்பிள்ளையைப் போலத் தாங்க வேண்டும் என்று கிறகரியின் நண்பன் பற்றிக் எங்கோ படித்திருந்தான். முதல் பத்து வெடிக்கும், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும், குழலைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டுமாம். அப்போதுதான் உள்ளிரும்பு வழவழவென்று படிந்து குண்டு நேரே போகுமாம். மான் வேட்டைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. 2004 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கனடாவின் மொன்றியலுக்கு வெளியே இருந்த தன் மாமனாரின் அப்பிள் தோட்டத்துக்கு அவன் கிறகரியையும் கிறகரியின் மனைவி யோசெப்பினையும் அழைத்தான்.

புவாண்ட்-கிளேரில் இருந்த பண்டகசாலையில் கிறகரிக்கு நிரந்தர வேலை எடுத்துக் கொடுத்தவன் பற்றிக். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? துவக்கு என்ற பேச்சை எடுத்தாலே முகம் கறுத்துவிடும் யோசெப்பின்கூட, அப்பிள் பறிக்கிற சாட்டில் வந்திருந்தாள். வந்ததும் பற்றிக்கின் மனைவியோடு தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். வெடி கேட்கும்போதெல்லாம் அவள் காதைப் பொத்துவது மரங்களுக்கிடையால் தெரிந்தது.

பற்றிக் நல்ல மனிதன், ஆனால் அவன் துவக்குத் துடைத்த அழகைப் பார்க்கச் சகிக்கவில்லை. போல்ட்டைக் கழற்றாமல் வாய்ப்பக்கத்தால் கம்பியை விட்டு, போத்தல் கழுவுகிறவன் மாதிரி இடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வெடி வரைக்கும் கிறகரி பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாவதில் கை குறுகுறுத்தது. துவக்கை வாங்கினான். போல்ட் வெளியே வந்தது. பின்பக்கத்தால் ஈரத்துணி போனது, கரி வந்தது. பிறகு காய்ந்த துணி, அது வெள்ளையாக வெளியே வரும்வரை. கடைசியாக ஒரேயொரு துளி எண்ணெய். எண்ணெய் கூடினாலும் கூடாது என்று அவன் விளக்கம் வேறு சொன்னான்.

எங்கே பழகினாய் என்று பற்றிக் வாயைப் பிளந்தான். ஊரில் மாமா பன்றி சுடுவார் என்றான் கிறகரி. பழகிய பொய், தடக்காமல் வந்தது.

ஐந்தாவது வெடியோடு கடையில் வாங்கிய துணித்துண்டுகள் தீர்ந்துபோயின. பற்றிக் கார் டிக்கியிலிருந்து ஒரு பழைய வெள்ளைக் கட்டில் விரிப்பைக் கொண்டுவந்தான். கிறகரி அதைக் கிழித்து, மடித்து, கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டித் தட்டில் அடுக்கினான். அந்த ஒரு மணித்தியாலம் அவன் சந்தோஷமாக இருந்தான். நன்றாகத் தெரிந்த வேலையை நன்றாகச் செய்கிறவனின் சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம்.

பத்தாவது வெடியும் முடிந்து, பெண்கள் கூடைகளோடு திரும்பி வந்தார்கள். யோசெப்பின் தட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அப்போதுதான் கிறகரியும் பார்த்தான். மிஞ்சிக் கிடந்த துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு மூலை கிள்ளப்பட்டிருந்தது.

இதை யார் வெட்டியது என்று அவள் பற்றிக்கிடம் பிரெஞ்சில் கேட்டாள். உன் புருஷன்தான், கடைத்துணி இதற்குக் கிட்டவும் வராது என்று அவன் பெருமையாகச் சொன்னான். அவள் ஒரு துண்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கிள்ளல் கிறகரி தானாகக் கண்டுபிடித்தது. இலங்கையில், மன்னாரில், அவன் சேர்ந்திருந்த இயக்கம் முகாமாக்கியிருந்த பழைய நெல்லுக்களஞ்சியத்தில் அவனுக்குப் பத்தொன்பது வயது. அங்கே விளக்குக் கிடையாது. கம்பியில் எந்த முனையைக் கோர்ப்பது என்று விரலுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் மூலையைக் கிள்ளினான். அவன் யாரையும் சுட்டதில்லை. சுடுகிறவர்களுக்குத் துடைத்துக் கொடுத்தான், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பதினெட்டு வருஷமாக அவனைத் தூங்க விடவில்லை.

யோசெப்பினின் தம்பி ஜெறோமை மற்ற இயக்கத்துக்காரன் என்று அங்கேதான் பிடித்துக் கொண்டுவந்தார்கள். முகாம் கலைந்த பிறகு தேடிப்போன யோசெப்பினுக்கு உடல் கிடைக்கவில்லை. முற்றமெல்லாம் எண்ணெய்க் கறுப்போடு நீலக்கோடு போட்ட துணித்துண்டுகள்தான் கிடந்தன. நத்தார்ப் பண்டிகைக்கு அவளே கரை தைத்துத் தம்பிக்கு உடுக்கக் கொடுத்த சாரம். ஒரு துண்டை எடுத்து, எப்போதும் கூடவே கொண்டுதிரியும் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள். கலியாணமான முதல் மாதமே அதைக் கிறகரிக்குக் காட்டி அழுதாள். கிள்ளிய மூலையைப் பார்த்த கிறகரி அவளைத் தேற்றினான். அந்தக் காலத்தில் புத்தளத்தில் மாமாவின் கடையில் வேலைக்கு நின்றதாக முன்பே சொல்லியிருந்தான். அதையே பதினொரு வருஷமாகக் காப்பாற்றினான்.

திரும்பும் வழியில் கர்க்லாண்ட் தாண்டியதும் கிறகரி காரை ஓரங்கட்டினான். யோசெப்பின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

“அந்தச் சாரத்தைக் கழட்டேக்கை அவனுக்கு உயிர் இருந்ததோ?”

அவனிடம் மறுமொழி தயாராக இருந்தது. துணியை யாரோ கொண்டுவந்து தந்தார்கள், யாருடையது என்று தெரியாது. தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்திருந்த மறுமொழி. அதைச் சொன்னால் அவள் பாதியாவது நம்புவாள். அதோடு வாழவும் செய்யலாம்.

“இருந்தது,” என்றான். “துடைக்கத் துணி இல்லை. நாளைக்கு உன்னை வீட்டுக்கு விடுவினம், வேறை சாரம் உடுக்கலாம், இதைத் தா எண்டு நான்தான் கேட்டனான். சிரிச்சுக்கொண்டு தந்தவன்.”

யோசெப்பின் அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். கைப்பையிலிருந்து செபப்புத்தகத்தை எடுத்தாள். நீலத் துண்டு இருந்த பக்கத்தைத் திறந்து, வெள்ளைத் துண்டை அதன்மேல் வைத்தாள். மூலைக்கு மூலை சரியாகப் பொருந்தியது. புத்தகத்தை மூடி அவன் மடியில் வைத்தாள்.

“இனி இதை நீங்கள் வைச்சிருங்கோ,” என்றாள்.