விளையாட்டில் எரிந்த வீடு

ஜெயரூபி வன்னியில் முரசுமோட்டையிலுள்ள தன் வீட்டைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்து, வெளிநாட்டு இணையத்தளமொன்றில் விற்பனைக்குப் போட்டிருந்தாள். விளையாட்டுத் தயாரிப்பவர்கள் மரம், வீடு, வாகனம் என்று ஆயத்தமாக வாங்கும் தளம் அது. தன் வீடென்பதால் படம் பார்க்காமலே ஒவ்வொரு மூலையையும் அவளால் செய்ய முடிந்தது.

2009 தை மாதம், வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது. வவுனியாவில் அவள் வேலை செய்த கணினிக் கடையின் முதலாளி, அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் சிறாஜ், புதிய போர் விளையாட்டொன்றைப் போட்டுப் பார்த்தவர், அவளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது நீங்க இங்க இருந்து செஞ்ச வீடெல்லே?"

திரையில் ஷெல் விழுந்து கூரை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் எரிந்தபடி வெளியே ஓடினார்கள். முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்த தாய் தகப்பனிடமிருந்து அவளுக்கு ஒரு மாதமாகச் செய்தி இல்லை.

வீட்டை எடுத்துவிடும்படி அன்றே விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் மரியாதையாகவே வந்தது. வாங்கியவர் அதை எந்த வணிக விளையாட்டிலும் சேர்க்கலாம், மாற்றலாம், உடைக்கலாம். கோப்பை அப்படியே மறுபடி விற்க மட்டும் கூடாது. உரிமம் அப்படித்தான் சொன்னது.

"இதுக்குச் சம்மதிச்சீங்களா?" என்று சிறாஜ் கேட்டார்.

"ஓம் நானா. வாசிச்சுத்தான் சம்மதிச்சனான். உடைக்கிறதெண்டால் இப்பிடி எண்டு நினைக்கேல்லை."

அவள் வீட்டை விற்பனையிலிருந்து நீக்கினாள். ஏற்கெனவே வாங்கிய பதினொரு பேருக்கும் உரிமை என்றைக்கும் தொடரும் என்று தளம் அறிவித்தது. அவர்கள் யாரென்று கேட்டு எழுதினாள். வாங்கியவர்களின் விபரம் தருவதில்லை என்று பதில் வந்தது.